எம். என். ராய் ஏன் ஒவ்வொரு முகாமாக விட்டு வெளியேறினார்?

கேள்வி இதுதான்: "எம். என். ராய் முதலில் துப்பாக்கி, வெடிகுண்டு என்று இருந்தார். அப்புறம் கம்யூனிஸ்ட் ஆனார், அப்புறம் காங்கிரஸில் சேர்ந்தார், உலகப் போரின்போது ஆங்கிலேயர் பக்கம் நின்றார், கடைசியில் கட்சியே வேண்டாம் என்றார். இப்படி மாறிக்கொண்டே இருந்தவரை அரசியல் தத்துவ அறிஞர் என்று எப்படிச் சொல்கிறார்கள்? அவர் புதிதாக என்ன சொன்னார்? எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?"

நீங்கள் அடுக்கியிருக்கும் மாற்றங்கள் எல்லாமே உண்மை. ஆனால் அவற்றிலிருந்து நீங்கள் எடுத்த முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. கட்சி மாறுகிறவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அவர்கள் மாறும்போது பதவியோ பணமோ பாதுகாப்போ கூடும். ராய் விஷயத்தில் ஒவ்வொரு முறையும் இருந்ததுதான் போயிற்று. மாஸ்கோவில் உலகக் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் உச்சியில் இருந்தவர் அதைவிட்டு வந்து இந்தியச் சிறையில் ஐந்து வருடத்துக்கும் மேல் கிடந்தார். தானே தொடங்கிய கட்சியைத் தானே கலைத்தார். கல்லூரி நாட்களில் அவருடைய நினைவுக் குறிப்புகளை முதலில் படித்தபோது எனக்கும் உங்கள் சந்தேகம்தான் இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தபோதுதான் அவர் எல்லா இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது: விடுதலை என்கிறீர்களே, அது யாருக்கு? அந்தக் கேள்வியை எந்த முகாம் பொறுத்துக்கொள்ளவில்லையோ அந்த முகாமை விட்டு வெளியேறினார்.

அவருடைய இயற்பெயர் நரேந்திரநாத் பட்டாச்சார்யா. 1887-இல் வங்காளத்தின் 24 பர்கானா மாவட்டத்தில், ஆர்பேலியா என்ற ஊரில் பிறந்தார். அப்பா பள்ளியில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தவர். சுதேசி இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. இருபது வயதில், 1907-இல், சாங்ரிபோத்தா ரயில் நிலையக் கொள்ளை வழக்கில் அவர் பெயர் அடிபட்டது. புரட்சிக்குப் பணம் வேண்டும் என்பதற்காக நடத்தப்பட்ட கொள்ளைகளில் அதுவும் ஒன்று. அப்புறம் ஹவுரா சதி வழக்கு, சிறை, மறுபடி தலைமறைவு. அந்தக் குழுவின் தலைவர் ஜதின் முகர்ஜி. புலியோடு மோதிக் கத்தியால் அதைக் கொன்றவர் என்பதால் 'பாகா ஜதின்' என்று ஊரே அழைத்தது. ராய் தன் வாழ்க்கையில் யோசிக்காமல் பின்பற்றிய ஒரே மனிதர் அவர்தான்.

முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மனியிடம் ஆயுதம் வாங்கி எழுச்சி நடத்தலாம் என்று திட்டம் போட்டார்கள். 1915 ஏப்ரலில் சி. ஏ. மார்ட்டின் என்ற பெயரில் நரேன் பட்டேவியாவுக்குப் போனார், இன்றைய ஜகார்த்தா. மாவெரிக் என்ற கப்பலில் ஆயுதம் வரும் என்று காத்திருந்தார்கள். கப்பல் வந்தது, ஆயுதம் வரவில்லை. ஆகஸ்டில் நரேன் மறுபடி கிளம்பினார். செப்டம்பர் 9 அன்று ஒரிசாவின் பாலாசோர் அருகே ஜதினையும் நான்கு தோழர்களையும் போலீஸ் சுற்றி வளைத்தது. துப்பாக்கிச் சண்டையில் காயம்பட்ட ஜதின் மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். ஆயுதம் கொண்டுவருகிறேன் என்று தலைவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனவர் எங்கோ தூர தேசத்தில் இருந்தார்.

இந்த மரணத்தைப் பற்றி ராய் பின்னால் எழுதிய ஒரு பகுதிதான் என் பார்வையில் அவரைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல். ஜதினின் சாவுக்குப் பழிவாங்க வேண்டும் என்றுதான் முதலில் துடித்தாராம். ஒரு வருடம் கழிந்தபோது தனக்கு வேறொன்று விளங்கியது என்கிறார். ஜதினை நான் ஏன் நேசித்தேன்? மனிதரிடம் இருக்கக்கூடிய மிகச் சிறந்த குணங்கள் அவரிடம் இருந்தன, அவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம். அப்படியானால் எல்லா மனிதரிடமும் அந்தச் சிறந்த குணம் வெளிப்படக்கூடிய ஒரு சமுதாயத்துக்காக உழைத்தால், அதுவே பழிவாங்கியதாக ஆகும். இதை எழுதியது முதிர்ந்த வயதில் என்பதால், பின்னால் வந்த சிந்தனையை இளம் வயதின் மேல் ஏற்றிச் சொல்கிறார் என்று யாராவது சொல்லலாம். இருக்கட்டும். தன் வாழ்க்கையின் கோடு எங்கே தொடங்கியது என்று அவரே காட்டிய இடம் அது.

ஜப்பான், சீனா என்று சுற்றி, 1916 கோடையில் பாதிரியார் வேஷத்தில் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார். வந்தது புரட்சிக்காரரா, ஜெர்மன் ஒற்றரா என்று உள்ளூர்ப் பத்திரிகை கேட்டுவிட்டது. பக்கத்தில் பாலோ ஆல்ட்டோவுக்கு ஓடினார். அங்கே ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்தில், வங்காளி நண்பர் ஒருவரின் யோசனைப்படி, பெயரை மாற்றிக்கொண்டார்: மானவேந்திரநாத் ராய். ஒன்றைக் கவனியுங்கள். நரன் என்றாலும் மனிதன், மானவன் என்றாலும் மனிதன். நரேந்திரன், மானவேந்திரன் இரண்டுக்கும் ஒரே பொருள். போலீஸிடமிருந்து தப்பிக்க மாற்றிய பெயரில்கூட 'மனிதன்' அப்படியே தங்கிவிட்டான். அங்கேதான் ஈவ்லின் ட்ரெண்ட் என்ற பட்டதாரிப் பெண்ணைச் சந்தித்தார், பிறகு அவரை மணந்தார். மெக்ஸிகோவிலும் ரஷ்யாவிலும் அவரோடு சரிசமமாக உழைத்தவர் ஈவ்லின். ராய் தன் நினைவுக் குறிப்புகளில் அந்தப் பெயரையே எழுதவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

நியூயார்க்கில் நடந்த ஒரு கூட்டத்தை ராய் விவரிக்கிறார். லாலா லஜபதி ராய் இந்தியாவின் வறுமையைப் பற்றி அங்கே தொழிலாளர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, உங்கள் நாடு விடுதலை அடைந்தால் இந்த ஏழைகளுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். முதலில் எங்கள் வீட்டுக்கு நாங்கள் எஜமானர்களாக வேண்டும் என்கிற மாதிரி லாலாஜி பதில் சொன்னார். அந்நிய முதலாளி சுரண்டினால் என்ன, உள்நாட்டு முதலாளி சுரண்டினால் என்ன, என்ன வித்தியாசம் என்று மறுபடி கேள்வி வந்தது. சகோதரன் உதைப்பதற்கும் வெளியிலிருந்து வந்த கொள்ளைக்காரன் உதைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று லாலாஜி கோபமாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த ராய்க்கு அந்தப் பதில் உறைத்தது. உதை வாங்குகிறவனுக்கு இரண்டும் உதைதானே? அதன் பிறகுதான் நியூயார்க் பொது நூலகத்தில் உட்கார்ந்து மார்க்ஸைப் படிக்கத் தொடங்கினார். தேசியவாதியாக அந்தக் கூட்டத்துக்குப் போனவர் வெளியே வரும்போது பாதி மாறியிருந்தார்.

1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் அங்கிருந்த இந்தியப் புரட்சியாளர்களைக் கைது செய்யத் தொடங்கினார்கள். ராய் எல்லை தாண்டி மெக்ஸிகோவுக்குப் போனார். ஸ்பானிய மொழி கற்றார், பத்திரிகைகளில் எழுதினார், ஜனாதிபதி கரன்ஸா வரை பழக்கம் ஏற்பட்டது. ரஷ்யாவிலிருந்து வந்த கம்யூனிஸ்ட் தூதர் மிகாயில் போரோதின் அவர் வீட்டில் தங்கி இரவு இரவாக ஐரோப்பியத் தத்துவம் பேசினார். 1919-இல் மெக்ஸிகோ கம்யூனிஸ்ட் கட்சி உருவானதில் ராய்க்கு முக்கியப் பங்கு. ரஷ்யாவுக்கு வெளியே தோன்றிய முதல் கம்யூனிஸ்ட் கட்சிகளில் அதுவும் ஒன்று. வங்காளத்துக் கிராமத்தில் பிறந்த ஒருவர் மெக்ஸிகோவின் கட்சியைத் தொடங்கினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1920-இல் மாஸ்கோ. பல நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கம்யூனிஸ்ட் அகிலத்தின் இரண்டாவது மாநாட்டுக்கு மெக்ஸிகோ பிரதிநிதியாகப் போனார். லெனின் அவரைப் பார்த்ததும், இவ்வளவு இளைஞரா நீங்கள், கிழக்கிலிருந்து நரைத்த தாடியோடு ஒரு ஞானி வருவார் என்று எதிர்பார்த்தேனே என்றாராம். ராய்க்கு அப்போது 33 வயது. காலனி நாடுகளைப் பற்றி லெனின் எழுதிய வரைவைப் படித்துவிட்டு, இதில் எனக்கு மாறுபாடு இருக்கிறது என்று சொன்னார். புரட்சி நடத்தி ஆட்சியைப் பிடித்த தலைவரிடம், நேற்று வந்த ஒரு இளைஞன்! லெனின் கோபப்படவில்லை. உங்கள் கருத்தைத் தனியாக எழுதிக் கொடுங்கள் என்றார். மாநாடு இரண்டையும் ஏற்றுக்கொண்டது.

அந்த வாதம் இன்றும் உயிரோடு இருப்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். காலனி நாடுகளில் தேசிய இயக்கத்தை நடத்துவது நடுத்தர வர்க்கமாக இருந்தாலும், ஏகாதிபத்தியத்தை எதிர்க்கும்வரை கம்யூனிஸ்டுகள் அதற்குத் துணை நிற்க வேண்டும் என்பது லெனினின் நிலை. ராய் சொன்னார்: அங்கே இரண்டு இயக்கங்கள் இருக்கின்றன. ஒன்று படித்தவர்களும் வசதி உள்ளவர்களும் அரசியல் சுதந்திரம் கேட்பது. மற்றொன்று, ஏழை விவசாயியும் தொழிலாளியும் எல்லாச் சுரண்டலிலிருந்தும் விடுபட நினைப்பது. முதலாவது இரண்டாவதைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும், நாம் அதற்கு விடக்கூடாது. காந்தியைப் பற்றியும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. மக்களைத் திரட்டுகிற தலைவர் என்பதால் காந்தி புரட்சிகரமானவர் என்று லெனின் நினைத்தார். அரசியலில் எப்படித் தோன்றினாலும் சமுதாய விஷயத்தில் காந்தி பழமையைத்தான் மீட்பார் என்றார் ராய்.

யார் சொன்னது சரி? அன்றைய இந்தியாவைப் பொறுத்தவரை லெனின்தான் நிலைமையைச் சரியாகக் கணித்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. 1915-லேயே ஊரைவிட்டுப் போன ராய் காந்தியின் அலையை நேரில் பார்க்கவில்லை. இந்தியத் தொழிலாளி வர்க்கத்தின் பலத்தையும் மிகையாக மதிப்பிட்டார். ஆனால் சுதந்திரம் வந்த பிறகு நிலம் யாரிடம் இருந்தது, அதிகாரம் யாரிடம் போனது என்று பார்த்தால் ராயின் எச்சரிக்கை வெறும் அவசரப் பேச்சாகத் தெரியவில்லை.

இங்கே தமிழ்நாட்டுத் தொடர்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1920 அக்டோபர் 17 அன்று தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கிய ஏழு பேரில் ராயும் ஈவ்லினும் இருந்தார்கள். அவர்களோடு சென்னைக்காரர் ஒருவரும் இருந்தார்: எம். பி. டி. ஆச்சார்யா. பாரதியாரோடு 'இந்தியா' பத்திரிகையில் வேலை பார்த்த அதே திருமலாச்சாரி. ராயோடு சீக்கிரமே மனக்கசப்பு வந்து, பின்னாளில் அரசே வேண்டாம் என்கிற அராஜகவாதியாக மாறினார். இருவரும் 1887-இல் பிறந்தவர்கள், இருவரும் 1954-இல் இறந்தவர்கள். இன்னொரு தமிழ்நாட்டுத் தொடர்பு, சென்னையின் தொடக்ககாலக் கம்யூனிஸ்டான சிங்காரவேலர். 1923 மே 1 அன்று சென்னையில் மே தினம் கொண்டாடிய அவருக்கு ராயிடமிருந்து கடிதங்கள் வந்தன. அந்தக் கடிதப் போக்குவரத்தைப் போலீஸ் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தது. 1924-இல் ஆங்கிலேய அரசு கம்யூனிஸ்டுகள் மேல் கான்பூர் சதி வழக்கு போட்டபோது ராய் பெயரும் சிங்காரவேலர் பெயரும் ஒரே குற்றப்பத்திரிகையில் இருந்தன. ராய் ஐரோப்பாவில் இருந்தார், சிங்காரவேலர் உடல்நலமில்லாமல் இருந்தார், அதனால் இருவரும் விசாரணைக்கு வரவில்லை. முசாஃபர் அகமது, டாங்கே, உஸ்மானி, நளினி குப்தா நால்வருக்கும் நான்கு வருடச் சிறை கிடைத்தது.

சீனாவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 1927-இல் அகிலத்தின் தூதராக அங்கே போனார். நிலைமை கைமீறிக்கொண்டிருந்த நேரத்தில் மாஸ்கோவிலிருந்து வந்த ரகசியத் தந்தியை, கோமிந்தாங் என்ற சீனத் தேசியக் கட்சியின் இடதுசாரித் தலைவரான வாங் சிங்வெயிடம் காட்டினார். நம்பிக்கை பிறக்கும் என்று நினைத்தார், எதிர்ப்பக்கம் உஷாராகிவிட்டது. அது பெரிய பிழை. ஆனால் அவர் அகிலத்திலிருந்து நீக்கப்பட்டதற்கு அது மட்டும் காரணம் இல்லை. 1928-க்குப் பிறகு அகிலம், சமூக ஜனநாயகக் கட்சிகளே முதல் எதிரி என்று ஒரு தீவிர நிலைக்குப் போனது. ஜெர்மனியில் ஹிட்லர் வளர்ந்துகொண்டிருந்தபோது தொழிலாளர் இயக்கத்தை இரண்டாகப் பிளப்பது தற்கொலை என்று ராய் எழுதினார், அதுவும் அதிருப்தியாளர்களின் பத்திரிகையில். 1929 கடைசியில் வெளியேற்றினார்கள். 1933-இல் ஜெர்மனியில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும்.

அதற்குப் பிறகு ஐரோப்பாவில் எங்காவது ஒதுங்கி எழுதிக்கொண்டிருந்திருக்கலாம். கான்பூர் வழக்கு தன் தலைமேல் தொங்குகிறது என்று தெரிந்தே, 1930 டிசம்பரில் டாக்டர் மஹ்மூத் என்ற பெயரில் பம்பாய்க்கு வந்தார். ஏழு மாதம் தலைமறைவாக வேலை செய்தார். கராச்சியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குக்கூடப் போய் நேருவைச் சந்தித்தார். 1931 ஜூலையில் பிடிபட்டார். வழக்கைச் சிறைக்குள்ளேயே நடத்தினார்கள். 12 வருட நாடுகடத்தல் தண்டனை மேல்முறையீட்டில் 6 வருடமாகக் குறைந்தது.

இந்தச் சிறை வருடங்களைத்தான் நான் அவருடைய வாழ்க்கையின் நடுக்கம்பம் என்பேன். பரேலி, அல்மோரா, டேராடூன் என்று சிறை மாறினார், உடல் கெட்டது. ஜெர்மனியிலிருந்தும் பாரிஸிலிருந்தும் எல்லன் காட்ஷாக் என்ற தோழி புத்தகங்கள் அனுப்பினார். விடுதலைக்குப் பிறகு அவர் இந்தியா வந்து ராயை மணந்துகொண்டார். எல்லனுக்கு ராய் எழுதிய கடிதங்களைப் படித்தால் அந்த அறை கண்முன் வரும். வெயில், குளிர், வராத புத்தகம், அதிகாரிகள் படித்துவிட்டு அனுப்புகிற கடிதத்தில் பட்டும் படாமலும் சொல்லும் அன்பு. சிறையில் ஒரு பூனை அவரோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பூனையே தன் கதையைச் சொல்வதுபோல ஒரு நூலே எழுதினார். மனித சமுதாயத்தின் பொய்களைப் பூனையின் கண்ணால் பார்க்கிற நூல் அது.

பகலில் எழுதிய பெரிய வேலை வேறு. தடித்த ஒன்பது கையெழுத்துத் தொகுதிகள். நவீன அறிவியலின் தத்துவ விளைவுகள் என்பதுதான் விஷயம். ஐன்ஸ்டைனும் குவாண்டம் இயற்பியலும் வந்த பிறகு பொருள் என்பதே பழைய பொருளாக இல்லையே, அப்படியானால் பொருள்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்கிற பொருள்முதல்வாதம் என்ன ஆகும்? எல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது என்றால் மனிதனின் சுதந்திரத்துக்கு இடம் எங்கே? சிறைக் கைதி ஒருவர் ஏன் இயற்பியலோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று கேட்கலாம். அரசியலில் தான் எழுப்பிய கேள்விக்கு அரசியலுக்குள் பதில் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ரஷ்யாவில் நல்ல நோக்கத்தோடு தொடங்கிய ஒன்று ஏன் அப்படிப் போனது? மனிதனைப் பற்றிய அடிப்படைக் கணிப்பிலேயே எங்கோ பிசகு இருக்கிறது. அதைத் தேடித்தான் அவ்வளவு கீழே இறங்கினார்.

1936 நவம்பரில் வெளியே வந்தார். காங்கிரஸில் சேர்ந்தார், 1940-இல் தலைவர் பதவிக்கு மௌலானா ஆசாத்தை எதிர்த்து நின்று படுதோல்வி அடைந்தார். உலகப் போர் வந்தது. இங்கேதான் உங்கள் கேள்வியில் இருக்கும் கடுமையான குற்றச்சாட்டு. ஆம், போரில் பிரிட்டனை ஆதரித்தார். 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தை எதிர்த்தார். ஹிட்லர் வென்றால் இந்திய விடுதலை உட்பட எதுவும் மிஞ்சாது, பாசிசம் தோற்றால் பிரிட்டிஷ் பேரரசும் அந்தப் போரிலேயே தேய்ந்து போகும், அதன் பிறகு இந்தியாவை அதனால் வைத்திருக்க முடியாது என்பது அவர் வாதம். அது அப்படியே நடந்தது. போர் முடிந்தபோது பிரிட்டன் இந்தியாவுக்குக் கடன்பட்ட நாடாக இருந்தது. ஆனால் அவருடைய தொழிற்சங்க சம்மேளனம் போர்ப் பிரசாரத்துக்காக அரசிடமிருந்து மாதம் 13,000 ரூபாய் வாங்கியது. கணிப்பு சரியாக இருந்தும், அந்தப் பணம் அவர் பேச்சின் மேல் தீராத கறையாகப் படிந்துவிட்டது. தலைவர்கள் எல்லாம் சிறையில் இருக்கும்போது, ஊரில் தடியடி நடக்கும்போது, அரசுப் பணம் வாங்குகிற அமைப்பை நடத்துகிறவர் சொல்வதை எந்த இந்தியர் காதுகொடுத்துக் கேட்பார்? இந்த இடத்தில் அவருக்காக வாதாட நான் தயாரில்லை.

அதே வருடங்களில் செய்த இரண்டு வேலைகள் மறக்கப்பட்டுவிட்டன. 1944-இல் தொழிலதிபர்கள் பம்பாய்த் திட்டம் என்ற பொருளாதாரத் திட்டத்தை வெளியிட்டபோது ராயின் தோழர்கள் மக்கள் திட்டம் என்று ஒன்றை வெளியிட்டார்கள். பத்து வருடத்தில் 15,000 கோடி ரூபாய் முதலீடு, முதலிடம் விவசாயத்துக்கு. வயலில் இருப்பவன் கையில் காசு இல்லாமல் ஆலையில் செய்ததை யார் வாங்குவார் என்பது அதன் எளிய தர்க்கம். இன்னொன்று, சுதந்திர இந்தியாவுக்கான அரசியல் சட்ட வரைவு. அதன் அடித்தளம் மக்கள் குழுக்கள். ஒவ்வொரு ஊரிலும் மக்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் குழு இருக்கும். பிரதிநிதியைத் திரும்ப அழைக்கவும், சட்டத்தைப் பற்றி வாக்கெடுப்பு கேட்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. இன்றைய பஞ்சாயத்து முறையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். நம் பஞ்சாயத்துக்கு அதிகாரம் மேலிருந்து கொடுக்கப்படுகிறது, கொடுத்தவர் நினைத்தால் குறைக்கலாம். ராய் எழுதியதில் அதிகாரம் ஊரில் பிறந்து மேலே போகிறது.

1946 தேர்தலில் அவர் தொடங்கிய ராடிக்கல் ஜனநாயகக் கட்சி போட்டியிட்ட எல்லா இடத்திலும் தோற்றது. அந்த வருடக் கடைசியில் பம்பாயில் கூடித் தங்கள் அடிப்படையை 22 கோட்பாடுகளாக வகுத்தார்கள். 1947-இல் புதிய மானுடவாதத்தின் அறிக்கை வந்தது. நான் 'மனிதநேயம்' என்று எழுதாமல் 'மானுடவாதம்' என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. தமிழில் மனிதநேயம் என்றால் இரக்கம், உதவி என்றுதான் மனதில் தோன்றும். விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிப் போனவரை மனிதநேயர் என்கிறோம். ராய் சொன்னது அந்த நல்ல குணத்தைப் பற்றி இல்லை. எந்த அமைப்பையும் அளக்கிற அளவுகோல் தனிமனிதன்தான் என்பது அவர் கருத்து.

அதாவது, ஒரு நாடு சுதந்திரமாக இருக்கிறதா என்று கேட்டால், அங்கே வாழும் ஆளுக்கு ஆள் சுதந்திரமாக இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். தேசம், வர்க்கம், இனம் எல்லாம் மனிதர்கள் சேர்ந்து உண்டாக்கியவை. அவற்றுக்குத் தனி உயிர் இருப்பதுபோல் பேசி, அந்த உயிருக்கு மனிதனைப் பலி கேட்பதுதான் எல்லாச் சர்வாதிகாரத்துக்கும் தொடக்கம். இதில் ஹிட்லரின் தேசமும் ஸ்டாலினின் வர்க்கமும் ஒரே மாதிரி வேலை செய்தன என்கிறார். மார்க்ஸிடமிருந்து அவர் விலகிய இடமும் இதுதான். பொருளாதாரம் வரலாற்றைத் தீர்மானிக்கிறது என்பதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் கருத்துகளுக்குத் தனி வரலாறும் தனி வலிமையும் உண்டு. அதனால் சமுதாயப் புரட்சிக்கு முன்னால் சிந்தனைப் புரட்சி வர வேண்டும்.

கடவுள் இல்லாமல் ஒழுக்கம் எங்கிருந்து வரும் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. பிரபஞ்சம் ஒழுங்கோடு இயங்குகிறது. அந்த ஒழுங்கிலிருந்து பரிணாமத்தில் வந்தவன் மனிதன். ஆகவே காரணகாரியம் பார்க்கிற அறிவு அவனுக்கு இயல்பாகவே உண்டு. சேர்ந்து வாழ்ந்தால்தான் எல்லாருக்கும் நல்லது என்று அந்த அறிவு சொல்கிறது. ஒழுக்கத்துக்கு அதுவே போதும். மேலே இருந்து யாரும் கட்டளையிட வேண்டியதில்லை, நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தவும் வேண்டியதில்லை. மனிதன் அவ்வளவு பகுத்தறிவோடு நடக்கிறானா என்று நீங்கள் கேட்டால், அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு. ராய் அதைத் தெரியாதவர் இல்லை. இருக்கிற ஆற்றலை வளர்ப்பதற்குத்தான் கல்வி என்றார்.

கட்சி வேண்டாம் என்று ஏன் சொன்னார்? கட்சியின் நோக்கம் அதிகாரத்தைப் பிடிப்பது. அதற்கு வாக்கு வேண்டும். வாக்கை அறிவிடம் கேட்டு வாங்குவதைவிட உணர்ச்சியைக் கிளப்பி வாங்குவது சுலபம். அதனால் எல்லாக் கட்சியும் நாளடைவில் அதையே செய்யும். வாக்களித்த மறுநாளிலிருந்து அடுத்த தேர்தல்வரை மக்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை, அவர்கள் பெயரில் கட்சி ஆளும், கட்சியின் பெயரில் நான்கு பேர் ஆளுவார்கள். இதை அவர் எழுதியது முதல் பொதுத் தேர்தல் நடப்பதற்கு முன்னால். எழுதியதோடு நிற்கவில்லை. 1948 டிசம்பரில் கல்கத்தாவில் கூடித் தன் கட்சியைக் கலைத்தார். சொன்ன கொள்கைக்காகத் தன் கட்சியையே முடித்துக்கொண்ட இன்னொரு தலைவரைத் தேடினால் எளிதில் கிடைக்கமாட்டார்.

எனக்கு இதில் ஒரு பெரிய குறை உண்டு. ஊர்க் குழு என்று எழுதினாரே, நம் ஊரில் அந்தக் குழுவில் யார் பேசுவார், யார் சுவரோரம் நிற்பார்? கட்சியைக் கலைத்த அதே ஆண்டு நவம்பரில் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில், கிராமம் என்பது அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் நிறைந்த இடம் என்று சொன்னார். ராயின் பெரிய நூல்களில் சாதிக்கு அதற்குரிய இடம் கிடைக்கவில்லை. ஐரோப்பிய மறுமலர்ச்சியை அவர் அலசிய அளவுக்குச் சேரியையும் ஊரையும் பிரிக்கிற தெருவை அலசியிருந்தால் அவர் சிந்தனை இந்த மண்ணில் இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும்.

அவருக்குப் பின்னால் கட்சி இல்லை, ஆட்கள் இருந்தார்கள். வி. எம். தார்க்குண்டே பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், நெருக்கடி நிலையின்போது ஜெயப்பிரகாஷ் நாராயணோடு சேர்ந்து குடிமை உரிமை இயக்கத்தைக் கட்டியவர். மாநில ஆட்சிகளை நினைத்தபடி கலைக்க முடியாது என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கின் எஸ். ஆர். பொம்மையும் ராயின் வழியில் வந்தவர்தான்.

கடைசி வருடங்கள் டேராடூனில், மோகினி சாலை 13-ஆம் எண் வீட்டில், எல்லனோடு. 1952 ஜூனில் மசூரியில் நடந்துகொண்டிருந்தபோது மலைப்பாதையிலிருந்து சறுக்கி விழுந்து படுகாயம் அடைந்தார். அதே ஆகஸ்டில் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய உலக மானுடவாத ஒன்றியம், அவர் வராத நிலையிலும், துணைத் தலைவர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. 1954 ஜனவரி 25 இரவு, குடியரசு நாள் பிறக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது இறந்தார்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டீர்கள். தத்துவ நூல்களில் நேராகக் குதிக்க வேண்டாம். முதலில் நினைவுக் குறிப்புகளைப் படியுங்கள், நாவல்போல ஓடும். அப்புறம் 22 கோட்பாடுகள். சில பக்கங்கள்தான், ஆனால் ஒவ்வொன்றையும் படித்துவிட்டு ஒரு நாள் விட்டுவிட வேண்டும். பிடித்திருந்தால் பகுத்தறிவு, கற்பனை உணர்வு, புரட்சி மூன்றையும் பற்றிய அவருடைய இரண்டு பாக நூலுக்குப் போகலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நினைவுக் குறிப்புகளை அவர் முடிக்கவில்லை. 1923-ஓடு நின்றுவிடுகின்றன. சீனாவும் வெளியேற்றமும் சிறையும் அதில் இல்லை. சிறையை மட்டும் எல்லனுக்கு எழுதிய கடிதங்களில் அவர் குரலிலேயே கேட்கலாம், பூனையும் அங்கேதான் வரும்.